சவரியம்மாள் மடக்கிய ஐந்து விரல்கள்

சவரியம்மாள் முப்பது வருடம் அரூர் சந்தையில் கீரை விற்றவள். தலையில் கூடையோடு அவள் நடந்தால், உடன் வருகிறவர்கள் ஓடத்தான் வேண்டும். அப்படிப்பட்டவள் போன ஐப்பசியில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு வீடு திரும்பினாள். அதிலிருந்து ஞாயிறு பூசைக்கு அவள் மகன் பிரபாகர்தான் தன் ஆட்டோவில் கூட்டிப்போவான். நல்ல பிள்ளைதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“மூட்டை மாதிரி ஏத்தி மூட்டை மாதிரி எறக்குறான்க்கா” என்பாள் பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம்.

சாம்பல் புதனன்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார்: தவக்காலத்துக்கு ஒரு தீர்மானம் எடுங்கள், எடுக்கும்போதே எங்கே இடறும் என்றும் பாருங்கள். பேதுரு மறுதலிப்பான் என்று ஆண்டவர் முன்னாலேயே சொன்னது அவனைக் கேவலப்படுத்த அல்ல. விழுந்தாலும் எழுந்து வரட்டும் என்றுதான்.

மற்றவர்கள் கறியை விட்டார்கள், காபியை விட்டார்கள். சவரியம்மாள் நடையைப் பிடித்தாள். நெற்றியில் சாம்பலோடு மகனிடம் பந்தயம் கட்டினாள்.

“குருத்து ஞாயிறு பவனியில கோயில் வரைக்கும் நடப்பேன். நடந்துட்டா அப்புறம் எந்த ஞாயிறும் உன் ஆட்டோ வேணாம். முடியலைன்னா சாவுற வரைக்கும் ஆட்டோதான், வாயத் தொறக்கமாட்டேன்.”

“நீயாவது வாயத் தொறக்காம இருக்கறதாவது! சரிம்மா” என்று சிரித்தான் அவன்.

மறுநாள் என்னிடம் வந்து இடைஞ்சல்களை விரல் விட்டு எண்ணினாள். வெயில். கறிக்கடை நாய்கள். கோயிலுக்கு முன்னால் இருக்கிற மேடு. பின்னாலேயே வரப்போகிற ஆட்டோ. நான்கு விரல் மடங்கியது.

“அஞ்சாவது?”

“நீதான்க்கா. பாவம் பார்த்து, உக்காருடின்னு சொல்லுவே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனாலும் தினமும் விடிந்ததும் கூடவே நடந்தேன். வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டு, நாய்களுக்குப் பிஸ்கட். மேட்டின் பாதியில் தையல் கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷாவிடம் சொல்லி ஒரு ஸ்டூல் போடவைத்தாள். நடக்கும்போது பேசினால் மூச்சு வாங்கும் என்று நான் அவளை வாய் திறக்கவே விடவில்லை. அங்கேதான் இரண்டு பேரும் கோட்டைவிட்டோம்.

குருத்து ஞாயிறு வந்தது. கடைத்தெரு முனையில் ஃபாதர் ஓலையை மந்திரித்துக் கொடுத்தார். அவள் அதை வாக்கரில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஓசன்னா என்று கூட்டம் பாடியதும் அவளும் பாடினாள். பவனியில் பாடாமல் யாராவது வருவார்களா? நாற்பது நாளில் எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

மேட்டில் பத்தடி ஏறியதும் நின்றுவிட்டாள். ஸ்டூல் இன்னும் தூரத்தில் இருந்தது. முகமெல்லாம் வேர்வை. கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. பின்னால் பிரபாகர் ஆட்டோவைக் கிட்டே கொண்டுவந்தான்.

“போதும்மா, ஏறு.”

நானும் ‘உக்காருடி’ என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கட்டைவிரலை மடக்கிக் காட்டினாள், அஞ்சாவது விரலை. வாயை மூடிக்கொண்டேன். அவள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். ஜெபம் என்று நினைக்கிறேன், திட்டாகவும் இருக்கலாம். பிறகு சொன்னாள்:

“எம் பாட்டையும் சேத்து நீ பாடுக்கா. நான் நடக்குறேன்.”

என் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பாடினேன். ஈஸ்டருக்கான பாஸ்கா துணி தைத்துக்கொண்டிருந்த கவுஸ் பாஷா மெஷினை நிறுத்திவிட்டு வெளியே ஓடிவந்தார்.

“யாருக்கு என்னாச்சுங்கம்மா?”

“பாட்டுங்க பாய்!” என்றாள் சவரியம்மாள். சிரித்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு வந்ததும் எழுந்து நடந்தாள்.

நாங்கள் உள்ளே போனபோது முதல் வாசகம் முடிந்திருந்தது. வாசலில் பிரபாகர் காலி ஆட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவள் வாக்கரைப் பிடித்தபடி அடுத்த கையின் கட்டைவிரலை மடக்கினாள்.

“ஆறாவது இடைஞ்சல், பாட்டு. எழுதி வச்சுக்க, அடுத்த வருசம் நானே பாடிக்கிட்டு நடப்பேன். உன் பாட்டு சகிக்கல.”