கோடு மண்

திருப்பத்தூரில் வரைபடப் பயிற்சி முடித்து, கல்யாணமாகிக் கன்னட நாட்டு ஜோகுபாளையத்துக்கு வந்த சங்கமித்ராவுக்கு 1997-இல் ஒரு மண் பரிசோதனை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். சித்ரதுர்கா பக்கம் இரும்புத் தாது தோண்டப்போகும் நிலத்தின் மண் வரைபடத்தை ஒழுங்காக முடித்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். முதலாளி சீனிவாசராகவன் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்.

களப் பணியாள் உத்தமன் சுரங்க நிலத்தில் ஆங்காங்கே குழி தோண்டி மண் எடுத்து அனுப்புவான். பைமேல் குழியின் எண்ணும் மண்ணின் பெயரும் இருக்கும். எந்த மண் எதுவரை பரவியிருக்கிறது என்று பார்த்து அவள் படத்தில் வண்ணம் தீட்ட வேண்டும். நல்ல மேல்மண்ணை முதலிலேயே வழித்துச் சேர்த்துவைத்தால்தான், தோண்டி முடித்த பிறகு அங்கே செடி வைக்க முடியும்.

செம்மண், களிமண், மணல் வரை தடங்கலில்லை. அடுத்த கட்டுப் பைகளில் ‘கோடு’ என்று மட்டும் எழுதியிருந்தது. எல்லைக் கோட்டில் எடுத்த மண் போலிருக்கிறது என்று அந்தக் குழிகளை இணைத்துக் கோடு இழுத்தாள். அது கிழக்கே போனது, திரும்பி வந்தது, தன்னையே வெட்டிக்கொண்டது. அழித்துவிட்டு வேறு வழியாக இழுத்தாள். செம்மண்ணுக்கும் செம்மண்ணுக்கும் நடுவே எதற்கு எல்லை? தலை சுற்றியது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

உத்தமன் அலுவலகத்துக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். அவன் இங்கேயே ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பான்.

“என்னண்ணா, எல்லைய குடிகாரன் நடந்த மாதிரி போட்டிருக்கீங்க?”

“எந்த எல்லைம்மா?”

“கோடுன்னு எழுதியிருக்கீங்களே!”

“ஐயோ, அது கோடு மண்ணு! கன்னடத்துல வண்டல் மண்ண அப்படித்தான் சொல்வாங்க. ஒசத்தி மண்ணு. கோவிந்தால வர்ற கோ!”

“தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே கோதானே? எனக்கென்ன ஜோசியமா தெரியும்?”

“கன்னடத்துல எழுதியிருந்தா மட்டும் படிச்சுக் கிழிச்சிருப்பியா?” என்றவன், தலையைச் சொறிந்தான். “ஆனா ஒண்ணும்மா. ரெண்டு பை நெஜமாவே எல்லைக் கோட்டுல எடுத்தது. அதுலயும் கோடுன்னுதான் எழுதினேன்.”

“எந்த ரெண்டு?”

“தெரியல, கொத்தில்லம்மா.” கையை விரித்தான்.

சங்கமித்ரா ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருட்டினாள். களிமண் நாடாபோல நீண்டது. மணல் உருளவே இல்லை. வண்டல் கொஞ்சம் நீண்டு உடைந்தது. பெரும்பாலானவை பிடிபட்டுவிட்டன. இரண்டு பைகள் மட்டும் ஒருமுறை வண்டலாகவும் மறுமுறை களியாகவும் ஏய்த்தன. அந்த இரண்டு இடங்களிலும் வண்ணம் தீட்டாமல் கேள்விக்குறி போட்டாள்.

சீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “கேள்விக்குறி போட்டா கம்பெனிக்காரன் என்னம்மா சொல்லுவான்?”

“ஏதோ ஒரு கலரப் போட்டா, நல்ல மண்ணு மேலயே கழிவுக் கல்லக் கொட்டிடுவாங்க சார். எனக்குத் தெரியல. அதத்தான் போட்டிருக்கேன்.”

அவர் இரண்டு கேள்விக்குறிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். “திங்கட்கிழமை உத்தமனோட நீங்களும் போங்க. அந்த ரெண்டு குழியையும் பாத்துட்டு வாங்க. மத்தத அப்புறம் பேசலாம்.”

வீட்டில் கணவன் பச்சைமுத்து கேட்டான். “வேலை இருக்கா, போச்சா?”

“ஒண்ணும் புரியல. சுரங்கத்துக்குப் போகச் சொல்லிட்டாரு. வேலைய விட்டுத் தூக்கப் போறவள அவ்ளோ தூரம் அனுப்புவாங்களா?”

“அனுப்ப மாட்டாங்க.” உடனே இழுத்தான். “அனுப்பினாலும் அனுப்புவாங்களோ?”

“நீயும் குழப்பாத. அந்தக் கெட்டிச் செருப்பு எங்க, அத எடு.”