அபூபக்கர் மகளின் ஆறரை மணி

அபூபக்கர் இருந்தவரை எங்கள் கோட்டைக்குப்பத்தில் எவனும் வானத்தைப் பார்த்ததில்லை. மாலை ஆறரைக்குப் பஞ்சாயத்து ரேடியோவில் அவர் குரல் வரும். ‘கரையோரம்’ நிகழ்ச்சி, பதினெட்டு வருஷம். “கொண்டல் காத்து ஏறுது, எறங்காதே” என்றால் ஒரு படகு நகராது. மெட்ராஸில் உட்கார்ந்து பேசினாலும் அவர் பழவேற்காட்டுக்காரர், எங்கள் ஆள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அவர் மவுத்தானார். மகள் மஸூதா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குப் பிடிக்கவேயில்லை. அவள் தம்பி ரியாசுதீன் இறால் வியாபாரி; ஏரி வழியே படகில் போய்ப் பக்கத்துக் குப்பத்தில்தான் எடுப்பான், எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். ஏரியில் வலை போட ஒவ்வொரு குப்பத்துக்கும் முறை உண்டு, பாடு என்போம். நம் பாட்டு நாளில் கரையில் உட்கார்ந்துவிட்டால் அந்த முறை போனது போனதுதான்; நாங்கள் விட்ட இறால் மறுநாள் பக்கத்துக் குப்பத்து வலையில் விழும். அவள் இரண்டு தடவை காற்று வருகிறது என்றாள். இரண்டும் எங்கள் பாட்டு நாள். காற்றும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. சந்தேகம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில், மறுபடி எங்கள் பாட்டு நாளில், “புயல் நெருங்குகிறது, யாரும் இறங்க வேண்டாம்” என்று வாசித்தாள்.

“பாத்தீங்களா, தம்பிக்கு வேல செய்யிறா! தள்ளுங்கடா படகை!” என்று கத்தியது நான்தான். முதல் ஆளாகத் தோள் கொடுத்தவன் என் மகன் பூபதி.

படகு தண்ணீரைத் தொட்டபோது ரேடியோவில் அவள் குரல் உடைந்தது. “ரியாசு, ஏரியில எங்க இருந்தாலும் திரும்பிடுடா. உம்மா அழுவுறாங்க.”

என் மனைவி காசியம்மாள் படகை மறித்து நின்றாள். “கூடப் பொறந்தவனையே உள்ள வுட்டுட்டு எவளாச்சும் பொய் சொல்லுவாளா? இன்னாய்யா ஆளு நீ?”

நானே கயிற்றைப் பிடித்துப் படகைத் திருப்பி இழுத்தேன். எல்லாப் படகும் மேடேறின. விடிவதற்குள் புயல் பாதிக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. உயிர்ச்சேதம் ஒன்றுமில்லை. பூபதி கஞ்சி குடிப்பதைப் பார்த்து நான் அழுதேன்.

மூன்றாம் நாள் பஸ்ஸிலிருந்து ரியாசுதீன் இறங்கினான், கசங்காத சட்டையோடு. “திருப்பாலைவனத்துல சிநேகிதன் கல்யாணம். போய் அஞ்சு நாளாச்சு” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுமாதம் மஸூதா ஊருக்கு வந்தபோது அவள் வாசலிலேயே போய் நின்றேன்.

“உன் தம்பி ஏரியிலயே இல்லியாமே. ரேடியோவுல பொய் சொல்றியா?”

“ஆமாண்ணே. வாப்பா ஒரு தரம் சொன்னா கேப்பீங்க. எனக்குத் தம்பிய ஏரியில எறக்க வேண்டியிருந்துச்சு.”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

“சரி, அடுத்த புயலுக்கு யார எறக்குவே?”

“அத நீங்கதாண்ணே சொல்லணும்” என்றாள்.