பச்சைப் பொட்டலமும் ஆ-தெங்கின் பசியும்

தைடுங் ஊரில் யார் வீட்டுக் கணினி மக்கர் செய்தாலும் பெய்-லானுக்குத்தான் போன் வரும். கையோடு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவாள். தன் கடைக்குத் திரும்பும்போது கணினிப் பெட்டியைக் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முட்டியால் அணைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் பிள்ளையைக் கூட்டிப்போகிற மாதிரி அதனுடன் பேசிக்கொண்டே வருவாள். கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் கடகடவென்று சிரிப்பாள், அவ்வளவுதான்.

வடக்கே ஒரு கணினிச் சிப் தொழிற்சாலையில் பத்து வருஷம் இருந்தவள். அங்கே ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் தேங்காய் வாசனை நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருக்கும். சமத்தாக இரு என்பதுதான் அந்தத் தீனியின் பேரே. பச்சைப் பொட்டலமாக இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, முக்கியமாக யாரும் தின்னக் கூடாது. வெறும் தீனி என்று பெய்-லானுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் அது இல்லாமல் ஒரு கணினியை விட்டுவர அவளுக்கு மனசு வராது. பழுது பார்த்த ஒவ்வொரு பெட்டிமீதும் ஒன்றை வைத்து, "இனிமே சமத்தா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள்.

புது வருஷத்துக்கு முந்தின வாரம், சீத்தாப்பழத் தோட்டக்காரி ஷௌ-ச்சின் அழாத குறையாகக் கூப்பிட்டாள். அவள் வீட்டுக் கணினி ஊர் உலகத்துக்கெல்லாம் மோசடி மெயில் அனுப்புகிறதாம். இணைய ஆபீஸ்காரர்கள் லைனைத் துண்டித்துவிட்டார்கள். யாருக்கு எத்தனை பழம், எந்த விலாசம், எல்லாம் அந்தக் கணினிக்குள்ளேதான். சாயங்காலம் கூரியர் வண்டி வரும். அதைத் தவறவிட்டால் பழமெல்லாம் கூடையிலேயே கனிந்து கூழாகிவிடும்.

பெய்-லான் போனபோது ஷௌ-ச்சின் புருஷன் ஆ-தெங் மூலையில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் பசி தாங்காமல் கணினிமேல் இருந்த பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டார். குட்டு வெளிப்பட்டதிலிருந்து ஷௌ-ச்சின் அவருக்குச் சோறு போடவில்லை.

பெய்-லான் வேலையில் இறங்கினாள். கணினிக்குள் 'பாட்' என்கிற கள்ள நிரல் ஒன்று புகுந்திருந்தது. எவனோ எங்கிருந்தோ ஆட்டிவைக்க, இது இங்கே உட்கார்ந்து ஆடியிருக்கிறது. அதுவும் நேற்று வந்ததில்லை, இரண்டு மாசமாகக் குடியிருக்கிறது. அப்டேட் எல்லாம் ஒழுங்காகச் செய்தீர்களா என்று கேட்டாள்.

"அதை நான் எதுக்குப் பண்ணணும்? நீதான் பொட்டலம் வச்சுட்டுப் போனியே. சமத்தா இருக்கறதைப் போய் நோண்டுவானேன்னு, அது கேக்கறப்பல்லாம் வேணாம்னு அமுக்கிட்டேன்" என்றாள் ஷௌ-ச்சின்.

பெய்-லானுக்குச் சுருக்கென்றது. தான் விளையாட்டாகச் சொன்னதை நம்பி இந்த மனுஷி வாசலைத் திறந்து போட்டிருக்கிறாள். பழம் வீணானால் அதில் தனக்கும் பங்கு உண்டு.

"அண்ணன் மேல தப்பில்ல அக்கா. மொதல்ல அவருக்குச் சோறு போடுங்க" என்றாள்.

ஆ-தெங் ஒரு தட்டுச் சோறு தின்று முடிப்பதற்குள் ஆர்டர்களையெல்லாம் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டாள். அப்புறம் கணினியைச் சுத்தமாக வழித்துத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். தன் மடிக்கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றினாள். நடுநடுவே போனில் இணைய ஆபீஸ்காரர்களிடம் கெஞ்சினாள், அதட்டினாள், மறுபடியும் கெஞ்சினாள். புருஷனும் பெண்டாட்டியும் விலாசம் ஒட்ட ஒட்ட, பெட்டிகள் வாசலுக்குப் போயின. வண்டி வந்தபோது மிஞ்சியது ரொம்பக் கனிந்த ஒரு கூடை மட்டும்தான். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து கரண்டியால் வழித்துத் தின்றார்கள். கை, வாய், சட்டையெல்லாம் பிசுபிசுப்பு. ஷௌ-ச்சின் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

கிளம்பும்போது பெய்-லான் புதுப் பொட்டலம் ஒன்றை வைத்தாள். ஆனால் இந்தத் தடவை ஒரு நிபந்தனை போட்டாள்.

"அப்டேட் கேட்டா சரின்னு அமுக்குங்க. முடிஞ்சதும் புதுப் பொட்டலம் வைங்க. பழசு அண்ணனுக்கு."

"தின்னா தோஷமில்லையா?" என்று ஷௌ-ச்சின் இழுத்தாள்.

"அது வேலையை முடிச்சு ரிட்டயர் ஆயிடுச்சு. தின்னலாம்."

ஆ-தெங் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதற்கப்புறம் அந்தக் கணினிப் பக்கம் எந்தக் கள்ள நிரலும் அண்டவில்லை. காலையில் பல் தேய்க்கும் முன்னே ஆ-தெங் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறாராம். ஒரு நாள் பெய்-லானுக்கே போன் செய்தார்.

"இந்த மாசம் இன்னும் அப்டேட் வரலையேம்மா, அனுப்பறவங்க தூங்கறாங்களா? சரி, அது போகட்டும். உன் கடைக் கணினிமேல இருக்கற பொட்டலம் தேதி தாண்டிடுச்சு. நேத்து வந்தப்பவே பாத்தேன். ஊருக்கெல்லாம் சொல்றியே, நீ மொதல்ல அப்டேட் பண்ணு. நான் பத்து நிமிஷத்துல அங்க வந்துடறேன்."

பெய்-லான் எட்டிப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். நாற்காலியை இழுத்துப்போட்டு, அவசர அவசரமாக அப்டேட்டை அமுக்கினாள்.