மாமனாருக்குச் சொல்லாத பாஸ்வேர்டு

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலையிடத்தில் ‘செக்கிங்’ என்று பெயர். ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு நாலு மாடி இறங்கியவர், மறுபடி ஏறிப்போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். வீட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் தெருவில் கால் வைக்கமாட்டார்.

மாமியார் காலமான பிறகு மாமனார் இவர்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார். அச்சகத்தில் நாற்பது வருஷம் மெஷின் ஓட்டியவர். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பார். அவருக்கென்று இருந்த ஒரே ஆசை செஸ். ஹால் மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் முகம் தெரியாத யாரோ ஒருவரோடு ஆடுவார். ஒரு காயை நகர்த்த மூன்று நாள் அவகாசம் தருகிற ஆட்டம் அது. இவர் இரண்டு நாள் யோசிப்பார். சாப்பிடும்போதுகூட இடது கை விரல்கள் மேசைமேல் குதிரை தாவிக்கொண்டிருக்கும்.

புதுக் கை படப்போகிறதே என்று, ஏற்கெனவே இருந்த ஆன்ட்டிவைரஸ் போதாமல் மருமகன் இன்னொன்றையும் போட்டுவைத்தார். ஒரே வாரத்தில் திரையின் ஓரத்தில் சிவப்புக் கட்டம் எட்டிப் பார்த்தது, வைரஸ் இருக்கிறது என்று. அழித்தார். மறுநாளும் வந்தது. மூன்றாவதாக ஒன்றைப் போட்டார். அதற்குப் பிறகு புதிதாகப் போட்ட இரண்டும் முறைவைத்துக் கத்தத் தொடங்கின. கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் காபி ஆறிப்போனது.

யாரைச் சந்தேகப்படுவது? மகள் பாடத்தைத் தவிர எதையும் திறப்பதில்லை. மனைவி அந்தப் பக்கமே போவதில்லை. மிச்சம் மாமனாரும் அவருடைய செஸ்ஸும்தான். முகத்துக்கு நேரே கேட்க நாக்கு எழவில்லை. சத்தமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றினார். மகளிடம் மட்டும் சொல்லிவிட்டு, “தாத்தாவுக்குத் தெரிய வேண்டாம்” என்றார்.

“கம்ப்யூட்டர் ரிப்பேர் மாமா. வைரஸ் புகுந்துடுச்சு. கொஞ்ச நாளைக்குத் தொட வேண்டாம்.”

“அப்படியா மாப்பிள்ளை. சரி, சரி” என்று மாமனார் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மூன்று வாரம் ஆகியும் சிவப்புக் கட்டம் ஓயவில்லை. ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் சிறிது நேரம் தட்டிப் பார்த்தாள்.

“மூணு ஆன்ட்டிவைரஸ் ஓடுது சார். யார் போட்டது?”

“நான்தான். ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு பிடிக்கட்டும்னு.”

“ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்கு. முதல்ல இருந்தது ஒரு ஃபைலைப் பிடிச்சுத் தனியாப் பூட்டி வெச்சிருக்கு. மத்த ரெண்டும் அதுக்குள்ள எட்டிப் பாத்துட்டு வைரஸ் வைரஸ்னு கத்துது. இங்க எப்பவும் காவலுக்கு ஒண்ணு இருந்தாப் போதும்.”

“அந்த ஃபைல் செஸ் ஆடுறப்ப வந்ததா?”

“செஸ்ஸா? இல்ல சார், கம்ப்யூட்டரை வேகமாக்குறேன்னு வர்ற போலி புரோகிராம். ஏப்ரல் மாசம் யாரோ இறக்கியிருக்காங்க.”

மாமனார் வந்தது ஜூனில். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஆசையாக இறக்கியது வேறு யாருமில்லை, செக்கிங்தான்.

மடியில் பெட்டியோடு பஸ்ஸில் திரும்பும்போது, ‘சரியாயிடுச்சு மாமா’ என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டார். அது பொய்யும் இல்லையே.

வீட்டில் மாமனார் தனியாக இருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஃபேன் போட்டுக்கலையா மாமா?”

“புள்ள வந்ததும் போடச் சொல்லலாம்னு இருந்தேன்.”

சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மெக்கானிக்குக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. டிவி ரிமோட்டைப் பேத்தியிடம் நீட்டியது. வாஷிங் மெஷின் இருக்க, தன் துணியைக் கையால் துவைத்தது. வயசாகிவிட்டது என்று இவர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மாமா, நீங்களே போட்டா என்ன?”

“இப்ப எதைத் தொடவும் பயமா இருக்கு மாப்பிள்ளை. கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்ததும் என் கை பட்டுத்தானே.”

நாற்பது வருஷம் மெஷினோடு குடித்தனம் நடத்திய கை அது. மெக்கானிக் பெட்டியைத் தரையில் வைத்தார்.

“நீங்க கெடுக்கல மாமா. நான்தான் கெடுத்தேன். ரிப்பேர்னு சொன்னதும் பொய். உங்க மேல சந்தேகப்பட்டு பாஸ்வேர்டை மாத்தி வெச்சேன்.”

மாமனார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“புள்ள அதுல பாடம் எழுதினதைப் பாத்தேன். ரிப்பேர் எனக்கு மட்டும்தான்னு புரிஞ்சுது.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“பொண்ணு வீட்ல இருந்துக்கிட்டு என்னத்தைக் கேட்குறது?”

 மெக்கானிக் போய் ஃபேனைப் போட்டார். மனைவி வந்ததும் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னார். “அப்பா உங்களை ஒரு நாளும் அப்படி நினைச்சிருக்க மாட்டார்” என்றாள் அவள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கம்ப்யூட்டரில் இப்போது காவலுக்கு ஒன்றே ஒன்று. பாஸ்வேர்டும் கிடையாது. ஆனாலும் மாமனார் அந்த மூலைக்குப் போகவில்லை. மூன்று நாள் கெடு தாண்டி ஆட்டம் தோற்றுப்போயிருந்தது. எதிராளி, ‘உடம்புக்கு முடியலையா?’ என்று கேட்டு எழுதியிருந்ததைப் பேத்திதான் படித்துக் காட்டினாள்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை, மெக்கானிக் வேலை முடிந்து உள்ளே நுழைந்தபோது மாமனார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் புது ஆட்டம். இவரைக் கண்டதும் சட்டென்று பாதி எழுந்துவிட்டார்.

“உட்காருங்க மாமா.”

“இல்ல, நீங்க ஏதாவது பாக்கணும்னா...”

“எனக்குப் பாக்க ஒண்ணுமில்ல. நீங்க ஆடுங்க.”

மாமனார் மெல்ல உட்கார்ந்தார். மெக்கானிக் சமையலறைக்குள் போய், ஹாலிலிருந்து தெரியாதபடி பாத்திர அலமாரிப் பக்கம் ஒதுங்கி நின்றார். ஹாலில் மவுஸ் சத்தம் கேட்க வெகு நேரம் ஆனது.

“ஏன் இங்க வந்து நிக்கிறீங்க?” என்றாள் மனைவி.

“சும்மாத்தான்” என்றார்.