சைஸ் வேறு, வெயிட் வேறு

போன செவ்வாய்க்கிழமை என் தங்கை பிலோமினா தன் போட்டோவைத் தானே கத்திரிக்கோலால் வெட்டினாள். இரண்டு தோளும் போயிற்று. ஒரு காதும்.

கோபத்தில் அல்ல... விண்ணப்பத்துக்கு!

குளச்சலில் தலைச்சுமையாக மீன் விற்பவள். கழுத்து இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை காலி. விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும். அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

கம்ப்யூட்டர் சென்டர்காரர் காலையில் சொன்னது ஒரே வரி. "அக்கா, போட்டோ சைஸ் கூடுதல். அம்பது கேபிக்குள்ள வேணும்."

கேபி என்றால் என்ன என்று கேட்டாளாம். "சைஸ்தான்" என்றாராம். எப்பேர்ப்பட்ட விளக்கம்! சைஸ் கூடுதல் என்றால் அவள் வேறென்ன செய்வாள்? வெட்டினாள்.

மூன்று மணிக்கு என் ஆட்டோவில் அழைத்துப் போனேன். வெட்டிய போட்டோவைச் சென்டர்காரர் ஸ்கேன் செய்தார். கேபி குறையவில்லை. மவுஸால் பக்கவாட்டில் நெருக்கிச் சேமித்தார். போதவில்லை. நெருக்கியதையே மறுபடி குறைத்தார். மறுபடியும்...

"மக்கா, இது நானா, வாளை மீனா? கண்ணையே காணல்ல!"

"கேட்ட அளவு வந்தாச்சுல்லா அக்கா? மூஞ்சிய யாரு பாக்கா?"

யார் பார்ப்பார்களா? முகம் தெளிவில்லை என்று தள்ளுவதற்கென்றே விண்ணப்பம் போய்ச் சேரும் ஆபீசில் ஆள் இருக்கிறதே! தெரியாததை இரண்டு இங்கிலீஷ் எழுத்தில் சொல்லி அடுத்தவர் வாயை மூடுவது – நம்மூரில் இதற்குப் பெயர் தொழில்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் லைசென்ஸ் புதுப்பிக்கப் போய் இதே கூத்தை அனுபவித்தவன். சொன்னேன். "கேபின்னா நீளமில்ல பிள்ள. படத்துக்க வெயிட்டு."

அவள் நிமிர்ந்தாள். "அத மொதல்லயே சொல்லாண்டாமா? வெயிட்டுன்னா நான் எதுக்கு கத்திரி எடுக்கேன்?" அவர் பக்கம் திரும்பினாள். "ஒரே மீன மூணு தடவ ஐஸ் மாத்தினா கண்ணு உள்ள போவும். நீ செய்யுததும் அதுதான். மொதப் படத்துலேருந்து எடு மக்கா. ஒரு பக்கமா நெருக்காண்டாம், நீளமும் அகலமும் ஒண்ணுபோல கொறை, வெயிட்டு தானா கொறையும். ஒரு தடவ போதும்."

அவள் பர்சில் வெட்டாத போட்டோ இன்னொன்று இருந்தது. அதை ஸ்கேன் செய்து, ஒரே தடவை குறைத்தார்.

நாற்பத்தெட்டு கேபி. இரண்டு காதும் இருந்தன. நெற்றித் தழும்புகூடத் தெரிந்தது. நாலே முக்காலுக்கு விண்ணப்பம் போய்விட்டது.

"சைஸ் சரியாச்சு அக்கா" என்றார்.

"வெயிட்டு!" என்றாள்.

அவர் தலைக்கு மேலே சுவரில் கம்ப்யூட்டர் டிப்ளமா. ஜன்னல் அளவுக்குக் கண்ணாடி ஃப்ரேம்.

சைஸ் கூடுதல்தான். வெயிட்...?