கல்யாணப் பக்கம், சாவுப் பக்கம்

1. முதல் நாள்

அரியலூரில் மைக் செட் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி கலியமூர்த்தி எனக்கு ஆம்ப்ளிஃபயரைக் காட்டவில்லை. ஒலிபெருக்கிக் குழாயை மரத்தில் கட்டவும் சொல்லித் தரவில்லை. ஒரு ரெக்கார்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத நல்லாப் பாத்துக்க. பச்சைப் பொட்டு வச்சது கல்யாணப் பக்கம். செவப்புப் பொட்டு சாவுப் பக்கம். மாத்திப் போட்டேன்னு வையி, உன்ன மட்டும் அடிக்க மாட்டாங்க. என்னையும் சேத்துதான் அடிப்பாங்க."

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அந்த ரெக்கார்டில் இருந்தது அறுபதுகளில் வந்த ஒரு சினிமாப் பாட்டு. நடவுப் பாட்டு மாதிரி மெட்டு. நீளமான கதைப்பாட்டு என்பதால் ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டு பக்கமும் ஓடும். எங்கள் பக்கத்தில் அதற்கு வண்டிக்காரன் பாட்டு என்று பெயர். படம் ஊத்திக்கொண்டது. அரியலூர்க் கொட்டகை வரைக்கும் அது வரவே இல்லை. பாட்டு மட்டும் மைக் செட் குழாயைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது.

முன்பக்கத்தில் ஒருத்தன் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குக் கிளம்புவான். வளையல் வாங்கி வருகிறேன் என்பான், பெண்டாட்டி கொஞ்சுவாள். கல்யாண வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? பின்பக்கத்தில் மழை பிடித்துக்கொள்ளும், ஆற்றில் வெள்ளம் வரும். மாடுகள் மட்டும் வண்டியை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். "வண்டி வந்து நிக்குதடி, ஓட்டிப் போன மகராசன் எங்கேடி" என்று அவள் ஒரு கூப்பாடு போடுவாள். சாவு வீட்டில் அழுகை வராமல் உட்கார்ந்திருக்கும் சம்பந்திகூட அதைக் கேட்டால் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார்.

முதலாளி இன்னொரு சட்டமும் சொன்னார்.

"அந்தக் கூப்பாடு முடிஞ்சதும் பிளேட்டுலேருந்து முள்ளத் தூக்கிரணும். மறுபடி மொதல்லேருந்து வையி. அதுக்கு மேல மேளம் வேகமா வரும், சாவு வூட்டுக்கு ஆவாது."

"அதுக்கு மேல என்னங்க இருக்கு?"

"என்னத்த இருக்கும்? சினிமாக்காரன் மேளம். எனக்குச் சொல்லிக் குடுத்தவரு தூக்கச் சொன்னாரு, தூக்குனேன். உனக்கு நான் சொல்றேன், தூக்கு."

நானும் தூக்கினேன். கடையில் போட்டுக் கேட்கலாம் என்றால், சாவுப் பக்கத்தைக் கடைக்குள் போடக் கூடாது என்பது மூன்றாவது சட்டம். இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டியதில் அந்தப் பக்கத்தின் முற்பாதி தேய்ந்து வெளுத்துப்போனது. பிற்பாதி கடையில் வாங்கியபடியே பளபளவென்று இருந்தது.

2. பாட்டு பிறந்த ஊர்கள்

இந்தப் பாட்டு எங்கே பிறந்தது என்று யாரையும் கேட்டுவிடக் கூடாது. பாட்டில் ஊர்ப் பெயர் கிடையாது, ஆறு என்று மட்டும்தான் வரும். மருதையாற்றங்கரையில் இருப்பவர்கள் அது மருதையாறு என்பார்கள். கொள்ளிடக்கரைக்காரர்கள் சிரிப்பார்கள். மருதையாற்றில் எந்தக் காலத்தில் வண்டி முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் வந்தது என்று கேட்பார்கள். செட்டு கட்டப் போன இடத்தில் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களை நானே விலக்கிவிட்டிருக்கிறேன்.

ஆறே இல்லாத பாடாலூரும் பந்தயத்தில் இருந்தது. அந்த ஊரின் சார்பில் வழக்காடியவர் வைத்திலிங்கம். நல்ல நிலபுலன் உள்ள ஆள், மல் வேட்டி, கையில் எப்போதும் ஒரு குடை. பாட்டு எழுதிய புலவர் மெட்ராஸிலிருந்து திருச்சிக்குக் காரில் போனாராம். பாடாலூர் ரோட்டில் கார் சூடாகி நின்றதாம். எதிரே இவர் வயலில் நடவு. பெண்கள் பாடியதைக் கேட்டுப் புலவர் அங்கேயே சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டாராம்.

இந்தக் கதையை அவர் வாயால் நான் பல தடவை கேட்டேன். முதல் தடவை புலவர் தண்ணீர் கேட்டார். அடுத்த தடவை மோர். கடைசியாகக் கேட்டபோது கோழி அடித்து, வாழையிலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டுத்தான் காரில் ஏறினார்.

3. கீழப்பழுவூர்க் கல்யாணம்

பெண் வீடு கீழப்பழுவூர். பெண்ணின் பெயர் தனம். அப்பா ராமசாமி, குத்தகைக்கு நிலம் உழுகிறவர். தனத்துக்கு அதற்கு முன் இரண்டு இடம் பேசி, இரண்டும் தட்டிப்போயிருந்தது. ஒரு இடத்தில் தாம்பூலம் மாற்றும்போது பல்லி சொல்லிவிட்டது. இன்னொரு இடத்தில் என்ன காரணம் என்று யாரும் சொல்லவே இல்லை. இந்தத் தடவையும் நின்றால் அப்புறம் அந்தப் பெண்ணைக் கேட்டு யாரும் அந்தத் தெருவுக்குள் வர மாட்டார்கள். அது ராமசாமிக்குத் தெரியும். விடியற்காலையிலிருந்து அந்த மனிதர் வாசலுக்கும் பந்தலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

மாப்பிள்ளைக்குச் சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கிற வேலை. அவருடைய தாய்மாமன்தான் நம்ம பாடாலூர் வைத்திலிங்கம்.

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் பச்சைப் பொட்டுப் பக்கத்தைப் போட்டேன். வைத்திலிங்கம் குடையோடு செட்டு மேசைக்கு வந்தார். கூடவே நாலு பெரியவர்கள். புலவர் கோழி சாப்பிட்ட கதை அப்போதுதான் முடிந்திருக்கிறது போல.

"எங்க வயல்ல பொறந்த பாட்டுப்பா இது. பாதியில நிறுத்துறியே? அந்தப் பக்கத்தையும் போடு."

"ஐயா, அது சாவு வூட்டுல போடுற பக்கங்க."

"எங்க பாட்ட சாவுப் பாட்டுங்குறியா?"

"கல்யாணத்துக்கு ஆவாதுங்க ஐயா. ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதது ஊருக்குத் தெரிஞ்சிருச்சோ? மாப்பிள்ளையோட மாமன் சொல்றேன், போடுய்யா."

தாய்மாமன் கோபித்துக்கொண்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று ராமசாமி ஓடி வந்து, போடச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார். போட்டேன்.

மழை வந்தது. வெள்ளம் வந்தது. அவள் கூப்பாடு போட்டாள். பந்தலில் உட்கார்ந்திருந்த கிழவிகள் என்ன ஏது என்று யோசிக்கவில்லை. அந்த இடத்தில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். பட்டுப்புடவையோடு ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, "என்னப் பெத்த ராசாவே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்து, "யாருங்க போனது?" என்று கேட்டார். நானும் வழக்கப்படி முள்ளைத் தூக்கிவிட்டேன்.

வைத்திலிங்கம் குடையைத் தரையில் ஊன்றினார்.

"அபசகுனம். செட்டுப் பேசுனது பொண்ணு வூடு. வேணும்னே பண்ணிருக்கானுவ. இந்த வூட்டுல நாங்க தாலி கட்ட முடியாது. கெளம்புங்கய்யா எல்லாம்."

போடச் சொன்னது அவர்தான் என்பதைக் கூட வந்த நாலு பெரியவர்களும் கேட்டிருந்தார்கள். நாலு பேரும் பந்தல் தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மணவறையிலேயே இருந்தார். எழுந்திரு என்றால் எழுந்திருப்பார், கட்டு என்றால் கட்டுவார் என்பது போன்ற முகம். ராமசாமி வைத்திலிங்கத்தின் காலில் விழப் போனார். எனக்கு ரெக்கார்டு பிளேயரைத் தூக்கி அந்தக் குடையின் மேலேயே போடலாமா என்று இருந்தது.

அப்போது பெண் வெளியே வந்தாள். மாலையோடு, அலங்காரத்தோடு, நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, பாட்டு முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா. இன்னும் இருக்கு."

"அப்பறம் ஏன் நிறுத்துனீங்க? என் கல்யாணத்த நிறுத்துற பாட்டு, நான் முழுசா கேக்க வேண்டாமா? போடுங்க."

"உள்ள போ தனம்" என்றார் ராமசாமி. அவள் போகவில்லை. வைத்திலிங்கத்தைப் பார்த்து, "நீங்களும் நில்லுங்க பெரியப்பா. உங்க வயல்ல பொறந்த பாட்டுதான" என்றாள்.

அவருக்குப் போகவும் முடியவில்லை. சொந்த வயல் பாட்டு ஆயிற்றே.

நான் முள்ளைப் பளபளப்பான இடத்தில் வைத்தேன். மேளம் வேகமாக வந்தது. அதற்குப் பின்னால் ஒரு ஆண் குரல் வந்தது. அத்தனை வருஷம் அந்த ரெக்கார்டோடு குடும்பம் நடத்திய நான் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. "கரையேறி வந்துட்டேன்டி, கண்ணத் தொடச்சுக்கடி" என்றான் வண்டிக்காரன். வண்டியிலிருந்து வெள்ளத்தில் விழுந்தவன் நீந்திக் கரை சேர்ந்திருக்கிறான். வாங்கிய வளையலை மடியிலிருந்து எடுத்து அவள் கையில் போட்டுவிடுகிறான். குலவை, மேளம், பாட்டு முடிந்தது.

தோளில் கை போட்டிருந்த கிழவிகள் கையை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர், "அடப்பாவி, இவனுக்காகவா நம்ம இத்தன சாவுல அழுதோம்" என்றார்.

எல்லாரும் வைத்திலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நான்தான் மொதல்லேயே சொன்னேன்ல, முழுசா போடுன்னு. எங்க வயல்ல பொறந்த பாட்டு கெட்டதா முடியுமா? மேளத்த அடிங்கய்யா, முகூர்த்தம் போவுது."

தாலி ஏறியது. தனம் தலை குனிந்துதான் இருந்தாள், முறைப்படி. எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராமசாமி என்னைக் கட்டிக்கொண்டு, பாட்டை எழுதினவனே நான்தான் என்பது போல அழுதார்.

4. அதற்குப் பிறகு

விஷயம் ஜெயங்கொண்டம் வரைக்கும் பரவியது. எங்கள் பிழைப்பில் மண் விழுந்தது. சாவு வீட்டுக்காரர்கள், "அது சந்தோஷப் பாட்டாமே, எங்க வூட்டுல போடாத" என்றார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள், "அது சாவு வூட்டுல ஓடுன பிளேட்டாச்சே" என்றார்கள். அரைகுறையாகக் கேட்ட வரைக்கும் ஊர் தலையில் தூக்கி வைத்து ஆடிய பாட்டை, முழுதாகக் கேட்ட பிறகு ஒருத்தரும் கேட்கவில்லை. முதலாளி பச்சைப் பொட்டையும் சிவப்புப் பொட்டையும் சுரண்டி எடுத்துவிட்டு, இது வேற பிளேட்டு என்று சொல்லிப் பார்த்தார். அப்படியும் யாரும் ஏமாறவில்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கையில் இருக்கும் பாட்டை ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் கேட்டு வையுங்கள். கேட்டதை வெளியே சொல்லலாமா என்பதைப் பிறகு யோசித்து முடிவு செய்யுங்கள்.

எண்பதுகளில் கேசட் வந்துவிட்ட காலத்தில் வைத்திலிங்கம் காலமானார். அவருடைய மூத்த மகன் செட்டுப் பேசக் கடைக்கு வந்தார். நான் மரியாதைக்காக, "ஐயாவுக்குப் பிடிச்ச பாட்டு, உங்க வயல்ல பொறந்தது, அதையே போட்டுருவோங்களா?" என்றேன்.

மகன் கடைக்கு வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது மட்டும் வேணாங்க. வேற ஏதாவது போடுங்க. அதுல ஆளு திரும்பி வந்துருவாரு."