கீழச்சித்திரை வீதியில் ஒரு பால்கனி

முசிறியில் நாங்கள் கட்டப்போகும் வீட்டுக்கு ஓடு போடுவதா, மட்டத் தளம் போடுவதா என்று ஆறு மாதமாக முடிவாகவில்லை. தளம் என்று வைத்துக்கொண்டால் சுண்ணாம்பா, சிமெண்டா என்பது அடுத்த சண்டை. "திருச்சியிலே இப்போ எங்கே பாத்தாலும் கட்டறாளாம். ஆத்துல உக்காந்து பேசறதுக்குப் பதிலா ஒரு தரம் போய்ப் பாத்துட்டுத்தான் வாங்கோளேன்" என்றாள் என் மனைவி. சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் மூடியதும் கிளம்பினேன். நான் டிராயிங் மாஸ்டர். கட்டிடம் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ரீரங்கத்தில் என் அலமேலு அக்கா வீட்டுக்குப் புதிதாக மாடி எடுத்து, வீதியைப் பார்த்து ஒரு பால்கனியும் வைத்திருந்தார்கள். அதற்குப் பிளான் போட்டவன் அடியேன். காகிதத்தில் நான் கிழித்த கோடு முதல் தடவையாகச் செங்கல்லும் சிமெண்டுமாக நிற்கிறது. அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? சித்திரைத் தேருக்கு ஐந்து நாள் இருந்தது. தேரையும் சேவித்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

முசிறியிலிருந்து திருச்சி ஏறக்குறைய இருபத்தைந்து மைல். முதல் பஸ் காலை ஐந்தரைக்கு, டிக்கெட் எட்டணா. வலது பக்கம் உட்கார்ந்தால் காவேரி தெரியும். இடது பக்கம் உட்கார்ந்தால் வெயிலும் புழுதியும்தான். ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆனால் ஆறு சும்மா இல்லை. குணசீலம் தாண்டியதிலிருந்து மணல் ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாகத் திருச்சிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. கொள்ளிடம் பாலத்தில் அவற்றின் பின்னாலேயே ஊர்ந்து, ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர வேண்டிய பஸ் எட்டு இருபதுக்குச் சேர்ந்தது. அந்த மணல் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை என்பதால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

கண்டோன்மெண்டில் மூன்று பங்களாக்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கட்டிட வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரியிடம் மரியாதையாகக் கேட்டால் மேலே ஏறிப் பார்க்க விடுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். ஒரு தளத்தின் மேல் களிமண்ணால் வரப்புக் கட்டி, வயலில் தேக்குவது போலத் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். "இப்படியே பதினஞ்சு இருபது நாள் நிக்கணுங்க. அப்பத்தான் சிமெண்டு இறுகும். இறுகிட்டா அப்புறம் எமன் வந்தாலும் உடைக்க முடியாது" என்றார் மேஸ்திரி. அந்த வார்த்தையை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். இரண்டே நாளில் அது எனக்கு எதிராகவே திரும்பும் என்று அப்போது தெரியாது.

பெரிய கடைவீதியில் பழைய ஓட்டுக் கடைகளை இடித்து மாடிக் கடைகளாக மாற்றுகிறார்கள். கடையை மூடிவிட்டு இடிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். முன்பக்கம் சாக்குப் படுதாவைக் கட்டி, அதற்கு இந்தப் பக்கம் சுவர் விழுகிறது, அந்தப் பக்கம் வியாபாரம் நடக்கிறது. ஒரு ஜவுளிக் கடையில் புடவையை விரித்துக் காட்டுவதற்கு முன் ஒரு தடவை உதறினார்கள். எனக்குத் தும்மல் வந்துவிட்டது. காந்தி மார்க்கெட் வாசலில் வெங்காய மூட்டைக்கும் சிமெண்டு மூட்டைக்கும் ஒரே கூட்டமாகக் கூலியாட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பகல் பதினொன்றுக்கு மேல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பிற்பகல் பாலக்கரையில் ஒரு பட்டறையில் எங்கள் பால்கனிக்குச் சொல்லி வைத்திருந்த கம்பிக் கிராதி தயாராக இருந்தது. முன்பக்கத்துக்கு ஒன்பதடியில் ஒன்று, இரண்டு ஓரத்துக்கும் மூன்றடியில் ஒவ்வொன்று. அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஜட்கா பன்னிரண்டணா. வண்டிக்காரர், பெயர் காதர் பாய், கிராதியை மேலே கட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"யாரை சார் அடைக்கப் போறீங்க?"

"அடைக்க இல்லை பாய். எங்க அக்கா உட்கார்ந்து தேர் பாக்கறதுக்கு."

"அப்படிச் சொல்லுங்க. நான்கூட பயந்துட்டேன்" என்று குதிரையைத் தட்டிவிட்டார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு பேர் பிடித்தால் நாலடி நடப்பாள். சித்திரைத் தேருக்குச் சுற்றுப்பட்ட கிராமத்துக் குடியானவர்கள் எல்லாம் வந்து சேருவார்கள். அந்த நெரிசலில் அவளை வாசலில் உட்கார வைக்க முடியாது. இரண்டு சித்திரையாக அவள் உள் அறையில் படுத்துக்கொண்டு தேரைக் காதால்தான் சேவித்தாள். வேறொன்றுக்கும் வாய்விட்டு அழாதவள், அந்த இரண்டு நாளும் அழுதாளாம். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் அவள் கணவர், என் அத்திம்பேர், அதைப் பொறுக்க மாட்டாமல்தான் மாடி எடுக்கத் துணிந்தார். நாற்காலியோடு தூக்கிப் போய் மேலே உட்கார வைத்துவிட்டால், தேர் வீதியில் வருவது முதல் திரும்புவது வரை பார்க்கலாம். அதற்காகத்தான் மூன்றடி வெளியே நீட்டிய பால்கனி.

வீடு கீழச்சித்திரை வீதியில், தெற்கு வீதிக்குத் திரும்பும் மூலையிலிருந்து மூன்றாவது. ஜட்காவிலிருந்து இறங்கி மேலே பார்த்தேன். பூச்சு முடிந்து வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது என் பால்கனி. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? மாடியில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "வரதா, நீ நன்னா இருக்கணும். இந்த வருஷம் நம்பெருமாளைக் கண்ணாரச் சேவிச்சுடுவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தேர் நிற்கும் இடத்துக்குச் சும்மா நடந்தேன். தேருக்கு அலங்காரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மர பீடத்தின் மேல் மூங்கிலை வளைத்துச் சாரம் கட்டி, அதன் மேல் சீலை போர்த்துவது வழக்கம். நான் பிறந்து வளர்ந்தது இதே வீதியில், சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான். ஆனால் அன்றைக்கு அந்த மூங்கில்கள் பீடத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். கையில் மூன்றடிக் குடை இருந்தது. அண்ணாந்து குடையை நீட்டிக் கண்ணளவாகப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு குடை நீளம், ஆறடி.

மேலேயிருந்து சாரம் கட்டுகிறவர் ஒருவர் குனிந்தார். கருப்பண்ணன் என்று பெயர். "என்னங்க, குடையால தேரை அளக்கிறீங்க?"

"இவ்வளவு வெளியே நீட்டணுமா இது?"

"எல்லா வருசமும் இதே அளவுதாங்க. இன்னும் சீலை இருக்கு, சுத்தி தொம்பை தொங்க விடணும். அது காத்துல ஒரு முழம் ஆடும்."

விஷயம் இதுதான். தை மாதம் பிளான் போட்டபோது, தேர் பால்கனியில் இடிக்கக் கூடாதே என்று நானும் அத்திம்பேரும் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து தேரை அளந்தோம். அப்போது தேர் வெறும் மரமாக நின்றது. அந்த அளவுப்படி பால்கனிக்கும் தேருக்கும் நடுவில் ஐந்தடி மிஞ்சியது. தாராளம் என்று சொல்லிக் காப்பி சாப்பிடப் போய்விட்டோம். வெளியூர்க்காரன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் எனலாம். இந்த வீதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தேர் என்றால் எப்போதும் உடுத்திய தேர்தான். அதனால் உடுப்புக்கு ஓர் அகலம் உண்டென்றே தோன்றவில்லை. சட்டை தைக்க எலும்பை அளந்த கதை.

"தேரைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் ஒட்டி இழுக்க முடியாதா?" என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

"நேர் வீதின்னா பாக்கலாம். உங்க வீடு மூலைகிட்டங்க. திருப்புறப்ப எந்தப் பக்கம் தள்ளும்னு முட்டுக்கட்டை போடுறவனுக்கே தெரியாது. சொன்னபடி திரும்புச்சுன்னா அது மாட்டு வண்டிங்க, தேர் இல்ல."

வீட்டுக்கு வந்து அத்திம்பேரிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. "ஏண்டா, அளந்தவன் நீதானே? டிராயிங் மாஸ்டர்னு பேரு வேற. நாலு நாள் இருக்கறச்சே வந்து சொல்றே?" என்று கத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவரே தணிந்து, "மூங்கில்தானே, பட்டா வளைஞ்சு குடுக்கும். நாம ஒண்ணும் பேசவேண்டாம். சும்மா இருந்துடலாம்" என்றார். மூங்கில் முறிந்து ஜனங்கள் தலையில் விழுந்தால் என்று நான் ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. அவர் கண் முழுக்க மாடிப்படியில்தான் இருந்தது.

மாடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. எல்லாம் கேட்டிருக்கிறது. "ரெண்டு பேரும் மேலே வாங்கோ" என்றாள்.

போனோம்.

"இடிச்சுடுங்கோ."

"அலமேலு, ரெண்டு வருஷமா நீ..."

"எனக்காகப் பெருமாள் ஒதுங்கிப் போகணுமா? இடிச்சுடுங்கோ. கதவு இருக்கோல்லியோ, அதுக்கு உள்ளே உக்காந்துக்கறேன். எதிர்க்க வரச்சே ஒரு க்ஷணம் தெரியும். அது போறும்."

அது போதாது என்று மூன்று பேருக்கும் தெரியும். அறைக்குள்ளிருந்து பார்த்தால் வீதியின் இரண்டு பக்கமும் சுவர் மறைக்கும். நேர் எதிரே வரும் அந்த ஒரு நிமிஷம்தான். அத்திம்பேர் கீழே இறங்கி, மேஸ்திரி சவரிமுத்துவைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

"அளவு நீங்க குடுத்ததுங்க" என்றார் சவரிமுத்து, வந்து கேட்டதும். நியாயம்தான். "பழைய சுண்ணாம்பா இருந்தா ஒரு பொழுதுல இறக்கிடுவேன். இது சிமெண்டு, உள்ளே கம்பி. மூணு நாள் ஆகும்." நாலு ஆட்கள் உளியும் சம்மட்டியுமாக உட்கார்ந்தார்கள். சிமெண்டு கெட்டியா என்ற எங்கள் வீட்டு ஆறு மாதச் சந்தேகம் அந்த மூன்று நாளில் தீர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கைப்பிடிதான் விழுந்தது. ஒவ்வொரு அடியும் என் மண்டையில் விழுந்த மாதிரி இருந்தது. கம்பிகளை ரம்பத்தால் அறுத்து முடிக்கும்போது தேருக்கு முதல் நாள் மாலை ஐந்து மணி. ஒன்பதடிக் கிராதி முற்றத்தில் கிடந்தது. ஓரத்துக்குச் செய்த மூன்றடித் துண்டு ஒன்று மட்டும் கதவு நிலைக்குச் சரியாகப் பொருந்தியது. அக்கா விழுந்துவிடாமல் இருக்க அதைக் குறுக்கே பதித்தார் சவரிமுத்து. நான் கொடுத்த அளவுகளில் உருப்பட்டது அது ஒன்றுதான்.

தேர் அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் வீதியில் எள் போட இடமில்லை. அக்காவைக் கதவை ஒட்டி உட்கார வைத்து, நானும் அத்திம்பேரும் இரண்டு பக்கமும் நின்றோம். எட்டேகாலுக்கு "ரங்கா, ரங்கா" என்ற சத்தம் நெருங்கியது. அக்காவுக்குத் தெரிந்தது எதிர்வீட்டு ஓடு மட்டும். "எங்கே வரது? எங்கே வரது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் தலையை நீட்டிப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அளவு தப்பாகப் போட்டவனுக்கு அந்த உத்தியோகமாவது கிடைத்தது.

மூலைக்குத் திருப்புவதற்காகத் தேரை நிறுத்தி, முட்டுக்கட்டை போட்டு மறுபடி இழுத்தார்கள். கருப்பண்ணன் சொன்னது சரி. தேர் குலுங்கி எங்கள் பக்கமாகவே தள்ளியது. மூங்கில் சாரம் மூன்று நாளைக்கு முன் பால்கனி இருந்த இடத்தில், ஆமாம், அதே இடத்தில் வந்து நின்றது. தொங்கிக்கொண்டிருந்த தொம்பை, குழலாகத் தைத்த பெரிய சீலை, காற்றில் ஆடிக் கிராதிக்கு மேலே கதவு வழியாக அறைக்குள் நுழைந்து அக்கா மடியில் விழுந்தது.

அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நிமிர்ந்தபோது சாரத்தின் இடைவெளியில், அவள் முகத்துக்கு நேர் மட்டத்தில், நம்பெருமாள். கட்டை சிக்கித் தேர் அங்கேயே ஏழு நிமிஷம் நின்றது. என் கடிகாரத்தில் பார்த்தேன். அக்கா அழவில்லை. அத்திம்பேர்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிற்பாடு பால்கனியை ஓரடியாகக் குறைத்துக் கட்டலாமா என்று நான் மெல்லக் கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம். நீ உங்க ஆத்தைக் கட்டு" என்றாள் அக்கா. கட்டுகிறேன். தளம், சிமெண்டு. முசிறியில் தேர் போகாத தெருவாகப் பார்த்துத்தான்.

கட்டிடம் பார்க்கத் திருச்சிக்குப் போகிறவர்களுக்கு: காலை வேளையில் கண்டோன்மெண்டைப் பாருங்கள், பாலக்கரைப் பட்டறைகளில் பேரம் பேசலாம், சித்திரையில் குடை இல்லாமல் போகாதீர்கள். தேர் வீதியில் வீடு கட்டுவதாக இருந்தால், தேருக்கு அலங்காரம் முடிந்த பிறகு டேப்பை எடுத்துப் போங்கள். கீழச்சித்திரை வீதியில், தெற்கு மூலைக்கு மூன்று வீடு முன்னால், மாடியில் வெளியே ஒன்றுமில்லாமல் ஒரு கதவு திறந்திருப்பதைப் பார்ப்பீர்கள். எந்த முட்டாள் இப்படிக் கட்டினான் என்று மேஸ்திரியை ஏசாதீர்கள். அவர் மேல் தப்பில்லை. பிளான் போட்டவன் நான். உள்ளே நாற்காலியில் இருப்பவள் என் அக்கா. அடுத்த சித்திரைக்கு இப்போதே அங்கே உட்கார்ந்துவிட்டாள்.